ஈரமான நாப்கினும் இளைக்கும் குழந்தையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-ஆம் ஆண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் படித்து வெளியேறியவன். இப்போது ஒரு அனல்மின் நிலையத்தில் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பாய்லர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "உன் தொழிலைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசுப்பா" என்றார். "அண்ணே, என் பையனைப் பத்திப் பேசட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பதில் சொல்லவில்லை. பிறகு, "பேசு" என்றார். அவருக்கு நன்றி.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. என் மகனுக்கு வந்த நோயைப் பற்றி இத்தனை வருஷமாகப் படித்ததையும், அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். இந்த உரையை அவர்களில் ஒருவர் படித்துப் பார்த்த பிறகுதான் மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

எங்கள் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் சார் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். லேபில் ரீடிங் தாறுமாறாக வந்தால் நாங்கள் உடனே, "சார், மீட்டர் சரியில்லை" என்போம். அவர் சொல்வார்: "மீட்டர் பொய் சொல்லுதுன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி, அது உண்மை சொன்னா என்ன அர்த்தம்னு ஒரு தடவை யோசிங்கடா." சார், அந்த வார்த்தை ஒரு நாள் என் வீட்டு வாசலுக்கே வந்தது.

2018-இல் என் மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியில் முடியாது என்று சொல்லி, அங்கிருந்து வேறு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஓடினோம். 32 வாரத்தில் ஆண் குழந்தை. எடை 1 கிலோ 620 கிராம். என் உள்ளங்கை முதல் முழங்கை வரைக்கும்தான் நீளம்.

இன்குபேட்டரில் வைத்தார்கள். நான் பழக்கதோஷத்தில் ஒரு நோட்டு போட்டேன். தினமும் காலையில் நர்ஸ் சொல்லும் எடையை அதில் எழுதுவேன். ஐந்தாம் நாள் 1,460 கிராம். நான் பதறினேன். "பதறாதீங்க சார், எல்லாக் குழந்தைக்கும் முதல் வாரத்துல எடை குறையும்" என்றார்கள். அது உண்மைதான். நிறைமாதக் குழந்தைக்குப் பத்து சதவீதம் வரை குறையலாம். குறைமாதக் குழந்தைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவும் குறையலாம். குறைமாதக் குழந்தையின் உடம்பில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். தோல் மெல்லிசு. அதன் வழியாகவே நீர் ஆவியாகிப் போகும். சிறுநீரகமும் முற்றியிருக்காது, உப்பையும் நீரையும் இறுகப் பிடித்துவைக்கத் தெரியாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

அவனும் திரும்பத்தான் ஆரம்பித்தான். எட்டாம் நாள் டிரிப்ஸை நிறுத்திவிட்டு, மூக்கு வழியாக டியூபில் தாய்ப்பால் கொடுத்தார்கள். பத்தாம் நாள் 1,530. நான் வெளியே போய் ஸ்வீட் வாங்கி வந்தேன்.

பதினொன்றாம் நாள் 1,510. பன்னிரண்டாம் நாள் 1,460. பதின்மூன்றாம் நாள் 1,400.

பாலைக் கக்க ஆரம்பித்தான். சோர்ந்து கிடந்தான். கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். அதில் ஒரு தவறும் இல்லை. குறைமாதக் குழந்தை வாடினால் நூற்றுக்குப் பெரும்பாலும் தொற்றுதான் காரணம். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 126. இருக்க வேண்டியது 135-லிருந்து 145 வரை. "குறைமாதம் இல்லையா, சோடியம் கசியும்" என்றார்கள். பொட்டாசியம் 7.1, ஆறைத் தாண்டவே கூடாது. "குதிகால்ல குத்திப் பிழிஞ்சு எடுத்த ரத்தம். செல் உடைஞ்சா பொட்டாசியம் பொய்யா ஏறும்" என்றார்கள். அதுவும் உண்மையிலேயே அடிக்கடி நடப்பதுதான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. எல்லாச் சமாதானமும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. நானும் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். சார் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி டியூட்டிக்கு வந்தவர் மேற்படிப்பு படிக்கும் ஒரு இளம் டாக்டர் அம்மா. குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். உச்சிக்குழி பள்ளமாக இருந்தது, வாய் உலர்ந்திருந்தது. பிறகு நாப்கினைக் கையில் எடுத்தார். கனமாக இருந்தது. நர்ஸிடம், "இதை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார். காய்ந்த நாப்கினின் எடையைக் கழித்தால் மீதி சிறுநீர். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. அன்றைய நாப்கின்களுக்கெல்லாம் எடைக் குறிப்பு இருந்தது. கூட்டிப் பார்த்தால் இருபத்து நாலு மணி நேரத்தில் 190 மில்லி. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஐந்தரை மில்லிக்கு மேல். சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று மில்லி வரை போகும். வறண்டுபோன குழந்தைக்கு அதிலும் குறைய வேண்டும்.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது: "சார், வறண்டு போற குழந்தை மூத்திரத்தை நிறுத்திக்கணும். இவன் வறண்டுகிட்டே நிறையப் போறான். உடம்புக்குத் தண்ணியைப் பிடிச்சு வைன்னு சொல்ற உத்தரவு எங்கேயோ போய்ச் சேரலை."

நண்பர்களே, என் பாய்லரில் டிரம் மட்டம் இறங்கினால் நான் கேட்கும் முதல் கேள்வி, வரத்து குறைந்ததா, போக்கு கூடியதா என்பது. பதின்மூன்று நாளாக நோட்டுப் போட்ட நான், வரத்தையும் எடையையும் எழுதினேனே தவிர, போக்கு என்று ஒரு காலம் போடவே இல்லை.

அந்த அம்மா அடுத்து மூன்று கேள்விகள் கேட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" ஆமாம், என் அத்தை மகள்தான்.

"பிறந்தப்ப இருந்ததை விட இவன் உறுப்பும் மார்க்காம்பும் கறுத்திருக்கே, கவனிச்சீங்களா?" பக்கத்தில் இருந்த என் அத்தை, "எங்க வீட்டு நிறம் அப்படித்தாம்மா" என்றார்.

"இதுக்கு முன்னாடி குழந்தை ஏதாவது பிறந்து தவறியிருக்கா?"

அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

2016-இல் எங்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. நிறைமாதம். மூன்று கிலோ. நல்ல நிறம், நல்ல அழுகை. இரண்டாம் வாரத்தில் பால் கக்கினான், இளைத்தான். பதினேழாம் நாள் போய்விட்டான். தொற்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு வீட்டில் அவனைப் பற்றிப் பேச்சே கிடையாது. இரண்டாவது பிரசவத்துக்கு அந்த அர்த்த ராத்திரியில் அட்மிஷன் பாரம் எழுதும்போது, "நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம், அதையெல்லாம் எழுதாதே" என்றார்கள் பெரியவர்கள். குடும்ப விவரம் என்ற இடத்தில் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன். என் கையெழுத்துதான். கேட்ட நர்ஸிடமும் "இதுதான் முதல்" என்று வாயால் சொன்னேன்.

நான் உண்மையைச் சொன்னதும் அந்த அம்மா ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். இந்த முறை குதிகாலில் பிழியாமல் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 7.6. மீட்டர் பொய் சொல்லவில்லை. சோடியம் 121. சர்க்கரை 46. ஈ.சி.ஜி.யில் அலைகள் கூர்ந்து நின்றன. ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் உப்புத் தண்ணீர் டிரிப்ஸும், குளுகோஸும், இதயத்தைக் காக்கக் கால்சியமும், கூடவே ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் போட்டார்கள். முதலில் ரத்தம் எடுத்து வை, பிறகு தாமதிக்காமல் மருந்தைக் கொடு, முடிவு வரும்போது வரட்டும். இதுதான் இந்த நோயில் விதி. முடிவு வந்துதான் மருந்து என்று காத்திருந்தால் குழந்தை காத்திருக்காது.

சோடியத்தை மடமடவென்று ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்று மெல்ல மெல்ல ஏற்றினார்கள். பதினாறாம் நாள் சோடியம் 134, எடை 1,520. பதினேழாம் நாள் காலையில் ரிப்போர்ட் வந்தது. 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன் என்ற பொருள் இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு. அந்தப் பதினேழாம் நாளை என் மனைவி எப்படிக் கழித்தாள் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை.

நோயின் பெயர், பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினல். அது செய்யும் கார்டிசால், உடம்பு நெருக்கடியைத் தாங்கவும் சர்க்கரை இறங்காமல் இருக்கவும் வேண்டும். ஆல்டோஸ்டிரோன், சிறுநீரகத்திடம் "உப்பைப் பிடி, பொட்டாசியத்தை விடு" என்று சொல்லும் உத்தரவு. இரண்டையும் செய்வதற்கு 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி தேவை. அது இல்லாவிட்டால் உத்தரவு பிறக்காது. உப்பு வெளியேறும், உப்பைத் தொடர்ந்து நீர் வெளியேறும், பொட்டாசியம் உள்ளேயே தங்கும். மூளையோ, "இன்னும் செய், இன்னும் செய்" என்று சுரப்பியை விரட்டும். அந்த விரட்டலில்தான் தோல் கறுக்கிறது. கச்சாப்பொருள் தேங்கி, ஆண் ஹார்மோனாகத் திரும்பிவிடும். அதனால் பெண் குழந்தையானால் பிறப்புறுப்பில் மாறுதல் தெரியும். பார்த்தவுடனே டாக்டருக்குச் சந்தேகம் வரும். ஆண் குழந்தை பார்வைக்குச் சரியாகவே இருப்பான். அதனால்தான் ஆண் பிள்ளைகள் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறார்கள்.

டிரிப்ஸில் உப்பு போய்க்கொண்டிருந்தவரை எங்கள் பையனின் நோய் மறைந்திருந்தது. உப்பு குறைவான தாய்ப்பாலுக்கு மாறியதும் வெளியே வந்தது.

உலக அளவில் சுமார் பதினையாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்வார்கள். அதில் நான்கில் மூன்று பங்கு உப்பை இழக்கும் வகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து பெருநகரங்களில் சுமார் ஒரு லட்சம் குழந்தைகளைப் பரிசோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவில், நம் நாட்டில் இது ஏறக்குறைய ஆறாயிரத்துக்கு ஒன்று என்று தெரிந்தது. அந்த ஐந்தில் சென்னையில்தான் விகிதம் அதிகம். தாய், தகப்பன் இருவரும் பழுதான மரபணு ஒன்றைச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவருக்கும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. எங்கள் இருவருக்கும் பரிசோதனை செய்தார்கள், இருவருமே சுமக்கிறோம். எங்கள் மூத்தவன் எதனால் போனான் என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் எடுத்து இதைக் கண்டுபிடிக்கலாம். பல நாடுகளில் எல்லாக் குழந்தைக்கும் செய்கிறார்கள். நம் நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் கட்டாயமாகச் செய்யும் திட்டம் இன்னும் வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலும் அன்று அது வழக்கத்தில் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு இதில் ஒரு சிக்கலும் உண்டு. நோய் இல்லாமலே, உடல் நெருக்கடியாலும் சுரப்பி முற்றாததாலும் அளவு கூடுதலாகக் காட்டும். அதனால் எடைக்கும் வாரத்துக்கும் தகுந்த அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். சில வாரம் கழித்து இன்னொரு முறையும் எடுக்க வேண்டும். பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி அளவைத் தற்காலிகமாகக் குறைத்தும் காட்டலாம். பரிசோதனை சரியாக வந்துவிட்டது என்று நாப்கினைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

வறட்சிக்கு இது ஒன்றுதான் ஹார்மோன் காரணம் என்றில்லை. எங்கள் டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி சுருக்கமாகச் சொல்கிறேன்.

சோடியம் குறைந்து, பொட்டாசியம் ஏறி, ஆனால் கார்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் தாராளமாக இருந்தால், உத்தரவு வருகிறது, சிறுநீரகத்துக்குக் காது கேட்கவில்லை என்று பொருள். பச்சைக் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் அடைப்போ தொற்றோ இருந்தாலும் தற்காலிகமாக இப்படி ஆகும். ஆகவே சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டும், ஸ்கேனும் பார்க்க வேண்டும்.

சோடியம் நேர்மாறாக 150-ஐத் தாண்டி ஏறி, சிறுநீர் பச்சைத் தண்ணீர்போல் நிறமில்லாமல் கொட்டினால், மூளையிலிருந்து வரும் வாசோப்ரெசின் குறைந்திருக்கலாம். மூளையில் ரத்தக் கசிவோ மூளைக்காய்ச்சலோ வந்த குறைமாதக் குழந்தைகளுக்கு இது ஏற்படுவதுண்டு. டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று சொல்லிவந்ததை, சர்க்கரை நோயோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, 2022-இல் வாசோப்ரெசின் குறைபாடு என்று பெயர் மாற்றினார்கள்.

ரத்தச் சர்க்கரை ஏறி, சிறுநீரிலும் சர்க்கரை வந்தால், சர்க்கரையே நீரை இழுத்துக்கொண்டு போகிறது. குறைமாதக் குழந்தைக்கு முதல் வாரத்தில் சர்க்கரை ஏறி இறங்குவது சகஜம். இறங்காமல் நின்றால் பிறவிச் சர்க்கரை நோயா என்று மரபணுவைப் பார்க்க வேண்டும். சில வகைக்கு இன்சுலினை விட்டுவிட்டு மாத்திரையிலேயே சமாளிக்கலாம் என்பது 2006-இல் வெளிவந்த ஆய்வுகளால் தெரிந்தது.

கர்ப்பத்தில் பனிக்குட நீர் மிக அதிகமாக இருந்து, அதனாலேயே குறைமாதத்தில் பிறந்து, பிறந்த பின்னும் சிறுநீர் கொட்டினால், பார்ட்டர் நோய் என்று ஒன்று உண்டு. இது சிறுநீரகக் குழாயின் பிறவிக் கோளாறு. ஹார்மோன் கோளாறு போலவே வேஷம் போடும். பெரும்பாலும் பொட்டாசியம் குறையும். ஒரு வகையில் மட்டும் முதல் சில நாள் பொட்டாசியம் ஏறி, பார்ப்பவரை ஏமாற்றும்.

இத்தனைக்கும் நுழைவாயில் ஒன்றேதான். எடை இறங்குகிறது, நாப்கின் நனைகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீர் நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்குப் பெற்றவர்களுக்கு உரிமை உண்டு. பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

எங்கள் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தினமும் மூன்று வேளை ஹைட்ரோகார்டிசோன், கூட ஃப்ளுட்ரோகார்டிசோன். கைக்குழந்தையாக இருந்தபோது டாக்டர் அளந்து எழுதிக் கொடுத்த உப்பைப் பாலில் கரைத்துக் கொடுப்போம். "பச்சப் புள்ளைக்கு உப்பா?" என்று அத்தை அழுதார். பிறகு அவரே பொட்டலம் மடித்துக் கொடுப்பார். டாக்டர் சொல்லாமல் எந்தக் குழந்தைக்கும் யாரும் இப்படி உப்புக் கொடுத்துவிடாதீர்கள். அது விஷம்போல் வேலை செய்யும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை டாக்டர் சொன்னபடி இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியெடுத்தால் ஊசி. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அவன் புத்தகப் பையில் ஒரு அட்டை இருக்கிறது. நோயின் பெயரும், ஊசி மருந்தின் பெயரும், என் போன் நம்பரும் அதில் எழுதியிருக்கும். அவனுக்கு அது ஐடி கார்டு மாதிரி. பசங்களிடம் காட்டிப் பெருமையடிக்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே வந்திருக்கும் பல வீடுகளில், பேசாமல் விட்ட ஒரு குழந்தை இருக்கலாம். "சின்ன வயசுலயே தவறிட்டான்" என்று முடித்துவிட்ட சித்தப்பாவோ, அண்ணனோ இருக்கலாம். உங்கள் வீட்டில் அடுத்த பிரசவம் வரும்போது அந்தப் பாரத்தில் அந்தப் பெயரை எழுதுங்கள். எத்தனை நாள் இருந்தான், எப்படி இளைத்தான் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நல்ல நேரத்தில் அதைச் சொன்னால் அபசகுனம் என்று பெரியவர்கள் சொன்னால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: எங்கள் மூத்தவனைப் பற்றிச் சொன்ன பிறகுதான் எங்கள் இளையவன் பிழைத்தான்.

மூத்தவனுக்குப் பெயர் வைத்திருந்தோம். இப்போது எந்தப் பாரமானாலும் அந்தப் பெயரை முதலில் எழுதிவிட்டுத்தான் அடுத்த பெயரை எழுதுகிறேன்.